வியாழக்கிழமைப் பேப்பர்

“நான் வெச்சது வெச்ச இடத்துல இல்ல, சுகுணா. வெச்சது நான்தானான்னே எனக்குத் தெரியல.” தணிகைவேல் இப்படிச் சொன்னதற்குத்தான் அவள் பாய்ந்தாள். “உங்க கிரீஸ் சாமானை நான் எதுக்குத் தொடறேன்? எனக்கு வேற பொழப்பில்லையா?” அவர் அதைக் கேட்கவே இல்லை. நீ தொட்டாயா என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வராத கேள்விக்கு இவள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டாள், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கூவின பிள்ளை மாதிரி. பழைய தணிகைவேலாக இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ‘குதிர்னு யாருடி சொன்னா இப்ப?’ என்று கேட்டிருப்பார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டெப்போவில் ஃபிட்டர்களின் பொய்யைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்த ஆள், எஞ்சின் பொய்யையும் அப்படியே. இன்றைக்கு, “அதுவும் சரிதான்” என்றார். கையில் இருந்த துணியால் நெற்றியைத் துடைத்து, நெற்றியெல்லாம் கரியாக்கிக்கொண்டு, கார் ஷெட்டுக்குத் திரும்பிப் போனார். அதுவும் சரிதானாம். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இந்த மனிதர் அவளைப் பார்த்து அதுவும் சரிதான் என்று சொன்னது இதுவே முதல் தடவை. அடுப்படி மேடையில் வாழைப்பூ மடல் விரித்துக் கிடந்தது. சனிக்கிழமை, மணி பதினொன்று. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணெய் தடவினாலும் விரல் கறுக்கத்தான் போகிறது. வாழைப்பூ கறை போக நாலு நாள் ஆகும். திங்கட்கிழமை டாக்டர் எதிரில் இந்தக் கையோடுதான் உட்காரவேண்டும், உட்கார்ந்தால்.

உட்காருவோமா என்பதுதான் அங்கே ஷெட்டில் முடிவாகிக்கொண்டிருந்தது. அடுப்படி ஜன்னலுக்கு அடித்திருந்த கொசுவலைக்கு அந்தப் பக்கம், நாலு அடியில், அவருடைய முதுகு. பனியனில் இரண்டு ஓட்டை. அதற்கு அப்பால் மூடி திறந்த வெள்ளைக் கார், அவர் சொந்தமாக வாங்கின முதல் கார், எட்டு வருஷமாக ஓடாமல் நின்று பூனை குட்டி போட்ட கார். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர், போன மாதம் அவர் மறதிக்காக இவள் நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கினதும், அமுதினியை போனில் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, மகளைச் சாட்சி வைத்துப் பந்தயம் கட்டினார். “இந்த எஞ்சினை நான் ஒருத்தனா பிரிச்சு, ஒருத்தனா கோத்து, ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன். பண்ணிட்டேன்னா டாக்டர் கீக்டர்னு அம்மாவும் பொண்ணும் வாயைத் திறக்கக் கூடாது. பண்ணலைன்னா நீங்க இழுத்த இடத்துக்கு வர்றேன், மாடு மாதிரி.” சரி என்றாள். என்ன பெரிதாகக் கிழித்துவிடப் போகிறார் என்று நினைத்துத்தான் சரி என்றாள். அதுதான் உண்மை, அதை மட்டும் இப்போது மாற்றிச் சொல்ல வேண்டாம். ஸ்கூட்டரை ரேஷன் கடை வாசலில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் வண்டி திருட்டுப்போய்விட்டது என்று தெருவையே எழுப்பினவர். கோயிலிலிருந்து யாருடையதோ இரண்டு அளவு சின்னச் செருப்பைப் போட்டுக்கொண்டு, குதிகால் வெளியே தொங்க, காட்பாடி ரோடு முழுக்க நடந்து வந்தவர். இடது கன்னத்தை இரண்டு முறை சவரம் செய்துகொண்டு வலது கன்னத்தைத் தாடியோடு விட்டுவிட்டு, “எப்படி?” என்று கேட்டவர். அவர் எஞ்சினைக் கோப்பாராம். கோத்தார். அதுதான் கொடுமை. கோத்துக்கொண்டே வந்தார். ஒரு துண்டுச் சீட்டு பார்க்காமல், ஒரு போல்ட் மிச்சம் வைக்காமல், விரலுக்கு மட்டும் மறதி வரவில்லை என்கிற மாதிரி கீழ்ப்பாதி முழுவதையும் கோத்து முடித்துவிட்டு, நேற்று பட்டறையிலிருந்து வந்த ஹெட்டை, எஞ்சினின் மேல்பாதியை, ஏற்றினார். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பெரிய மனிதத் தோரணையோடு ரசத்தில் உப்பு குறைவு என்றார். குறைவுதான். இன்று காலை கேம் ஷாஃப்ட்டை வைத்து இறுக்கினார். பிடித்துக்கொண்டது, சுற்றவில்லை.

முட்டை முட்டையாகப் புடைத்த ஒரு இரும்புக் கம்பி. அதை ஹெட்டின் மேல் படுக்கவைத்து, ஐந்து இடத்தில் ஐந்து கேப், பாலம் மாதிரி இரும்பு மூடி, போட்டு அமுக்க வேண்டும். போல்ட்டை முறுக்கினபிறகும் கம்பி கையாலேயே சுற்ற வேண்டும், வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி என்பார். இவளுக்கு இதெல்லாம் தெரியும். இருபத்தொன்பது வருஷம் சாப்பாட்டோடு சாப்பாடாக இவள் விழுங்கினது இதைத்தான். கல்யாணமான புதிதில், தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, ஒரு ஃபிட்டர் கேப்புகளையெல்லாம் கலந்து கழுவிவிட்டதைச் சொல்லிச் சொல்லிக் கொதித்தார். “பார்க்க அஞ்சும் ஒண்ணா இருக்கும்டி. ஆனா ஒவ்வொண்ணும் அந்தந்த எடத்துல வெச்சே குடைஞ்சது. முடி அளவு வித்தியாசம். எடம் மாத்திப் போட்டா ஷாஃப்ட் பிடிச்சுக்கும். பொண்டாட்டி மாதிரி, அவனவனுக்கு அவனவனோடதுதான்.” இதைச் சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, கான்வென்ட்டில் படித்த பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். மூஞ்சியைத் திருப்பினாலும் காது திரும்புமா. கேட்டது. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு எழுத்து மறக்காமல் கிடக்கிறது, இந்தப் பாழாய்ப்போன மண்டையில். மறதி வர வேண்டியவளுக்கு வரவில்லை. ஒரு பூவை எடுத்து நுனியைத் தேய்த்தாள். நடுவில் தீக்குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கிற நரம்பு, கள்ளன் என்று பெயர் அதற்கு, அதைப் பிடுங்கிப் போட்டாள். கள்ளனை எடுக்காமல் விட்டால் எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது. அடுத்தது. அடுத்தது. வெளியே ஸ்பேனர் ‘டக்’ என்றது. ஒன்றாவதைத் தளர்த்துகிறார். ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சுற்றிப் பார்ப்பார், எதைத் தளர்த்தினால் விடுகிறதோ அங்கேதான் வலி. அதுவும் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது ஷெட்டில் துடைப்பத்தோடு நுழைந்ததைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. நாலு நாளாக வாசலைத் தாண்டி எண்ணெய் நாற்றம். தரையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், எண்ணெய் ஊறி அப்பளமாகிக் கிடந்தது, அதன் மேல் ஐந்து கேப். எறும்பு வேறு. யாராக இருந்தாலும் எடுக்கத்தான் செய்வார்கள். எடுத்தாள், ஐந்தையும் ஒரு கிண்ணத்தில் போட்டு மண்ணெண்ணெயில் அலசி, பழைய லுங்கித் துண்டால் துடைத்து, அன்றைக்கு வந்த பேப்பரை விரித்து, அதன் மேல் வரிசையாக, நேராக, ஒரு நூல் பிசகாமல் வைத்தாள். தையல் வகுப்பில் பொத்தான் வைக்கிற மாதிரி. பளபளவென்று இருந்தது. ஒரு நிமிஷம் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டாள்கூட. பேப்பரில் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்ததா? பார்க்கவில்லை. எண்ணெய்க் கறையில் என்ன தெரியும். அவர் எப்போதும் கேப்பில் பஞ்ச் வைத்துத் தட்டிப் புள்ளி குத்துவார். ஒன்றுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு. அப்படிக் குத்தியிருந்தால் இவள் கழுவினால் என்ன, கங்கையில் முக்கினால் என்ன. கம்பெனி போட்ட நம்பரை எப்போதோ எவனோ அரத்தால் ராவித் தொலைத்திருக்கிறான். இவருக்கு இப்போது கை நடுங்குகிறது. சுத்தியலைத் தூக்க பயந்துகொண்டு பேப்பரில் எழுதிவைத்தால் அது இவள் தப்பா? எழுதிவைத்தார் என்று இவளுக்கு எப்படித் தெரியும், பார்க்கவில்லையே. பார்க்கவில்லை. ஓரமாக, ஒவ்வொரு கேப்புக்குப் பக்கத்திலும். நாலாம் நம்பரை மட்டும் அவர் நாற்காலியைத் தலைகீழாக வைத்த மாதிரி எழுதுவார். பார்க்காத எண்ணின் கால் எப்படித் தெரிகிறது, சுகுணா? அந்தப் பேப்பரை ஏன் பரண் மேல் பழைய பேப்பர்க் கட்டில் போடவில்லை? கிலோவுக்கு இத்தனை என்று ஒரு தாள் விடாமல் சேர்க்கிறவள், எண்ணெய்ப் பேப்பர் என்றாலும் அடுப்புத் துடைக்க வைத்துக்கொள்கிறவள், அதைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்று, குப்பை வண்டி வந்ததும் நீயே போய்ப் போட்டாயே, அது ஏன்?

அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. கை நினைத்ததா? கைக்கு மனசு உண்டா? அவர் கைக்கு உண்டு. மண்டையில் அழிந்ததெல்லாம் அவர் விரலில் இருக்கிறது. அப்படியானால் இவள் விரலிலும் ஏதோ இருந்திருக்கத்தானே வேண்டும். பந்தயத்தில் அவர் ஜெயித்துவிடுவார் போலிருக்கிறதே என்று இரண்டு நாளாக ஒரு பயம் இருந்தது உண்மை. ஜெயித்தால் டாக்டர் கிடையாது. மாத்திரை கிடையாது. அடுத்த மாதம் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போவார், அதற்கடுத்த மாதம் வீடு எது என்று தெரியாமல் நிற்பார், ஊர் சொல்லும் பெண்டாட்டி பார்த்துக்கொள்ளவில்லை என்று. நல்லதற்குத்தான். நல்லதற்கு என்று தெரிந்தே செய்திருந்தால் நல்லது. தெரியாமல் செய்திருந்தால் தப்பு. எது என்றுதான் தெரியவில்லை. கான்வென்ட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கிறிஸ்தவப் பெண்கள் மட்டும் சாப்பலில் வரிசையில் நிற்பார்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு. போகும்போது இருக்கிற மூஞ்சி வரும்போது இருக்காது, சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி வருவார்கள். இவளைப் போன்ற மற்ற பெண்களுக்கு அந்த நேரம் சிஸ்டர் பெர்னடெட்டின் கணக்கு. பதினோரு வயதில் ஒரு நாள், பக்கத்து டெஸ்க் பெண்ணின் காம்பஸை உடைத்துவிட்டு, அந்தப் பழி வேறொருத்திக்கு விழுந்து அவள் வெயிலில் முட்டி போட்ட அன்று, இவளும் அந்த வரிசையில் நுழைந்துவிட்டாள். இருட்டுப் பெட்டி. மரச்சட்டத்தில் ஓட்டை ஓட்டையாக ஜன்னல். அந்தப் பக்கம் இருமல் மிட்டாய் வாசனை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒருத்தியும் சொல்லித் தரவில்லை. “குட் மார்னிங் ஃபாதர்” என்றாள். மத்தியானம் மூன்று மணி. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது, எடுத்தாள் ஓட்டம். அவ்வளவுதான், வாழ்க்கையில் அவள் பாவமன்னிப்புக் கேட்ட கதை. ஸாரி என்று இங்கிலீஷில் நாளைக்கு நூறு தடவை சொல்லலாம், பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்கிற வார்த்தை. தமிழில் மன்னிச்சிடுங்க என்று கட்டின புருஷனிடம் எந்தப் பெண்டாட்டி சொல்லியிருக்கிறாள், சினிமாவில் தவிர.

“சுகுணா!” கொசுவலையில் மூக்கு. “அமுது கல்யாணத்துக்கு வாங்கினியே உதட்டுச் சாயம், அது இருக்கா?” திடுக்கிட்டதில் வாயில் பழைய விஷமே வந்தது. “எதுக்கு? எஞ்சினுக்கு நலங்கு வைக்கப் போறீங்களா?” சிரித்தார். இந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை, படுபாவி. “ஷாஃப்ட்டுல தடவி வெச்சுச் சுத்தினா எங்க ஒரசுதோ அங்க ஒட்டும். டெப்போவுல அதுக்குன்னு நீல மை இருக்கும். இங்க எங்க போறது. கொடு.” கொடுத்தாள். வலை பிய்ந்த ஜன்னலோரத்தில் கறுத்த விரலும் கறுத்த விரலும் ஒரு நொடி பட்டுக்கொண்டன. போன் அடித்தது, ஓசூரிலிருந்து மகள். “அம்மா, அப்பா என்ன பண்றார்?” “உன் லிப்ஸ்டிக்கைப் பூசிக்கிட்டு இருக்கார்.” “அம்மா!” “எஞ்சினுக்குடி.” “முடிச்சிடுவாரா? ஸ்டார்ட் ஆயிடுமா?” அந்தக் குரலில் ஆசை இருந்தது. அப்பா ஜெயிக்க வேண்டும் என்கிற சின்னப் பிள்ளை ஆசை. சுகுணா வாயைத் திறந்தாள். ஐந்து கேப், ஒரு பேப்பர், இரண்டு வாக்கியத்தில் முடிகிற விஷயம். “பிடிக்குதாம்” என்றாள். “என்னது பிடிக்குது?” “ஷாஃப்ட்டு. சுத்த மாட்டேங்குது.”  “பாவம்மா” என்றாள் மகள், “அப்போ அவருக்கு மறந்துதான் போச்சு, இல்ல?” குக்கர் விசில் அடித்தது. அதைச் சாக்காக வைத்து போனை வைத்தாள்.

வலைக்கு அந்தப் பக்கம் அவர் குந்தி உட்கார்ந்திருந்தார். ஷாஃப்ட் மடியில், ஐந்து கேப்பும் பேப்பர் மேல், மூன்றாவதிலும் நாலாவதிலும் ஓரத்தில் சிவப்பு, முத்தம் கொடுத்த மாதிரி. யாரிடம் என்று இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். “கம்பி வளையல. உன் அடுப்படி மேடை கிரானைட்டுல உருட்டிப் பார்த்தேன், நேரா ஓடுது. பிசிறு இல்ல. தூசி இல்ல, எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு.” சுத்தமா இருக்கு பாரு. அவள் ஒரு பூவைக் கள்ளனோடு சேர்த்து நசுக்கிவிட்டாள். “பட்டறைக்காரன் ஹெட்டைக் கோணலா சீவியிருப்பானோ?” ஆமாம் என்று கத்தத் தோன்றியது, ஆமாம், அவன்தான், அவனேதான். “இல்ல, நேத்து ஸ்கேல் வெச்சுப் பார்த்தாச்சு. கேப்புதான் மாறியிருக்கு. அஞ்சு கேப்பை நூத்தியிருபது விதமா மாத்திப் போடலாம். திருப்பிப் போடறது தனி.” சரியான கணக்கு. ஐந்து ஃபாக்டோரியல், ஐந்துக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி. சிஸ்டர் பெர்னடெட் கரும்பலகையில் அந்தக் குறியைப் போடும்போது சாக்பீஸ் உடையும். நூற்றிருபதைத் தவறாமல் சொல்கிற மண்டைக்கு என்ன கோளாறு இருக்க முடியும்? வலது கன்னத்தில் இன்றைக்கும் தாடி இருந்தது. அவர் பேப்பரின் ஓரத்தைத் தடவினார், குருடர் தடவுகிற மாதிரி, ஒவ்வொரு கேப்பாக நகர்த்தி அடியில் பார்த்தார். “சுகுணா, நான் இதுல நம்பர் போட்டேன். பென்சில்ல. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. போட்டது கண்ணுல நிக்குது. பென்சில் முனை எண்ணெய்ல வழுக்கினதுகூட ஞாபகம் இருக்கு.” இருக்கும். அது நடந்தது. “ஆனா இதுல ஒண்ணுமே இல்லையே. அழிஞ்ச தடம்கூட இல்ல.”  மேலே பாருங்கள். தாளின் தலையில், கொட்டை எழுத்தில், வியாழன் என்று போட்டிருக்கிறது. நீங்கள் பிரித்தது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எழுதினது வியாழக்கிழமைத் தாளில் எப்படி இருக்கும்? பார்த்துவிடுங்கள், பிடித்துவிடுங்கள் என்னை, கையில் இருக்கிற ஸ்பேனரை விட்டெறியுங்கள், ‘எவடி என் பேப்பரை மாத்தினது’ என்று தெரு கேட்கக் கத்துங்கள், நானும் பதிலுக்குக் கத்துகிறேன், நாறின பேப்பர், எறும்பு, நாலு நாள் என்று. இரண்டு பேரும் கத்துவோம், நன்றாக இருக்கும். அவர் குனிந்தார். தாளுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். வாய் அசைந்தது, படித்தார். “மாம்பழ வரத்து அதிகமாம்,” என்றார் சத்தமாக. “விலை இறங்கும்.” அவ்வளவுதான்.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு உள்ளே ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. சொல்லிவிட்டால் அவர் இந்தத் தடவை தப்பு செய்யவில்லை என்று ஆகும். அந்த ஒன்றைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் வர மாட்டார். ஆனால் தேதி கண்ணில் பட்டும் படாமல் போகிற மனிதருக்கு டாக்டர் வேண்டும். சொல்லாவிட்டால் வருவார், இல்லாத பைத்தியம் ஒன்றை இருக்கிற மறதியோடு சேர்த்துத் தலையில் சுமந்துகொண்டு வருவார். எழுதினது கண்ணில் நிற்கிறது என்றாரே, அந்தக் கண்ணை இனி அவர் நம்ப மாட்டார். சரியாக ஞாபகம் வைத்திருந்த ஒன்றே ஒன்றை இவள் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். அதற்குத் திங்கட்கிழமை எந்த மாத்திரை எழுதித் தருவார்கள்? வெளியே சத்தமே இல்லை. ஸ்பேனர் இல்லை, முணுமுணுப்பு இல்லை. பூவின் மடல்கள் தீர்ந்து, நடுவில் வெள்ளையாக, விரல் அளவில், பிரிக்க ஒன்றும் இல்லாத குருத்து மட்டும் கையில் இருந்தது. “சுகுணா.” “ம்.” “எழுதினதா நெனச்சுக்கிட்டேன் போலிருக்கு. எழுதல.”  “திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?” ஜெயித்துவிட்டாள். “பத்து” என்றாள். “சரி. அந்த நீல சட்டையை எடுத்து வை. அங்க எதுவும் கேட்டாங்கன்னா நீயே சொல்லிடு. நான் சொன்னா தப்பா சொல்லிடுவேன்.” ஐந்து கேப்பையும் எடுத்து, எந்த வரிசையும் இல்லாமல், ஒரு டப்பாவில் போட்டார். ‘டண்’ என்று ஒவ்வொன்றாக விழுந்தது. ஐந்தும் எண்ணினாள். பிறகு அவர் காரைப் பார்க்காமல், ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். பேப்பர் அவர் காலடியிலேயே கிடந்தது. ஒரே ஒரு தடவை கேளுங்கள், நீ தொட்டாயா என்று. கேட்டால் சொல்லிவிடுவேன், என் குழந்தை மேல் ஆணையாகச் சொல்லிவிடுவேன். அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றுகிற இடம் அவருக்குள் எங்கேயோ மூடிக்கொண்டுவிட்டது. அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். கொசுவலையில் நெற்றி பட்டது. தூசியும் மண்ணெண்ணெயும் மணத்தன. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“என்னங்க. அந்தப் பேப்பர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்.”

பனியனின் இரண்டு ஓட்டையும் அசையவில்லை.

“தேதி மட்டும் போதும். மேல, ஓரத்துல இருக்கும்.”